கடல் தாண்டாத தவளைக்குக் கடலுக்கு அப்பால் எப்படி உறவு?

இடுக்கி மலைகளில் கோடை முடிந்து முதல் மழைகள் இறங்கும்போது, ஓடைக்கரை ஈரமண்ணுக்குள்ளிருந்து ஒரு தவளை கத்தத் தொடங்கும். வெளியே வந்து கத்துவதில்லை, மண்ணுக்குள் இருந்தபடியே கத்தும். அது ஆண். பெண் வந்ததும், தன்னைவிட உருவத்தில் பெரிய அதன் முதுகில் தொற்றிக்கொண்டு ஓடைக்குப் போகும். பாறை இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டைகள். சில இரவுகளில் எல்லாம் முடிந்துவிடும். அதன்பிறகு அடுத்த ஆண்டு மழை வரை மண்ணுக்கடியில்தான் வாழ்க்கை. ஓணத்துக்கு ஓணம் பாதாளத்திலிருந்து வரும் மகாபலியைப் போல ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டுவதால், கேரளத்தில் இதற்கு மாவேலித் தவளை என்று ஒரு பெயரும் உண்டு. நாம் ஊதாத் தவளை என்கிறோம்.

பார்ப்பதற்குத் தவளை மாதிரியே இருக்காது. காற்றடைத்ததுபோல் உப்பிய உடல், ஊதாவும் சாம்பலும் கலந்த வழவழப்பான தோல், மிளகு வைத்ததுபோல் இரண்டு சின்னக் கண்கள், வெளுத்துக் கூர்ந்து நீட்டிக்கொண்டிருக்கும் மூக்கு. குட்டைக் கால்கள், அதிலும் பின்னங்கால்கள் மண்ணைத் தோண்டித் தள்ளுவதற்கென்றே அமைந்தவை. மண்ணுக்குள்ளேயே கறையான்களைத் தின்று பிழைக்கிறது.

2003ஆம் ஆண்டு ஆய்வாளர்களான எஸ்.டி. பிஜுவும் பெல்ஜியத்தின் ஃபிராங்கி போசுவும் இந்தத் தவளையை உலகுக்கு முறையாக அறிமுகப்படுத்தினார்கள். புதிய இனம் மட்டுமல்ல, இதற்காகப் புதிய குடும்பமே உருவாக்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய வியப்பு டிஎன்ஏ-வில் இருந்தது. இதற்கு மிக நெருங்கிய சொந்தம் கேரளத்தின் மற்ற தவளைகள் இல்லை, இந்தியாவின் எந்தத் தவளையும் இல்லை. கொச்சியிலிருந்து ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர் தள்ளி, இந்தியப் பெருங்கடல் நடுவில் இருக்கும் செஷல்ஸ் தீவுகளில் வாழும் சின்னஞ்சிறு தவளைகள்தான் அவை. அவற்றில் ஒன்று நம் சுண்டுவிரல் நகத்தின் மேல் உட்கார்ந்துவிடும்.

தவளையின் தோல் நம் தோலைப் போன்றது அல்ல. அது தண்ணீரை உறிஞ்சும், உப்பையும் உள்ளே விடும். கடல்நீரில் தவளையை விட்டால் உடலின் நீர் வெளியேறி விரைவில் செத்துப்போகும். அப்படியிருக்க, மண்ணைவிட்டு வெளியே வரவே தயங்கும் ஒரு தவளைக்கு 2,800 கிலோமீட்டர் உப்புத்தண்ணீருக்கு அப்பால் சொந்தம் எப்படி வந்தது? பரிணாமத்தையும் நிலவியலையும் தனித்தனிப் பாடமாகப் படித்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ஒன்றின் விடை மற்றதற்குள் இருக்கிறது.

இதே வகைக் கேள்வி 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. லெமூர் என்ற குரங்கின வகை விலங்கு மடகாஸ்கரில் நிறைய இருக்கிறது. அதற்குத் தூரத்துச் சொந்தமான தேவாங்கு நம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருக்கிறது. நடுவில் கடல். 1864இல் பிலிப் ஸ்க்லேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் ஒரு விடை சொன்னார்: இரண்டுக்கும் நடுவில் முன்பு ஒரு பெரிய நிலப்பரப்பு இருந்தது, பிறகு அது மூழ்கிவிட்டது. அதற்கு அவர் வைத்த பெயர் லெமூரியா. அந்தப் பெயர் பின்னாளில் தமிழ்நாட்டுக்கு வந்து நம் இலக்கியங்கள் சொல்லும் கடல்கோளோடு சேர்ந்து என்னவாக வளர்ந்தது என்பது நாம் எல்லோரும் அறிந்ததுதான். லெமூரியாவை வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. அது ஒரு நல்ல கேள்விக்கு, அன்றைய அறிவைக் கொண்டு சொல்லப்பட்ட விடை. நிலம் ஓரிடத்தில் நிற்கும், மேலும் கீழும்தான் போகும் என்று எல்லோரும் நம்பிய காலம் அது. அப்படி நம்பினால், நிலம் மூழ்கியது என்பதைத் தவிர வேறு விடை கிடைக்காது.

நிலம் நகரும் என்று 1912இல் ஜெர்மானியரான ஆல்ஃபிரெட் வேகனர் சொன்னார். தென் அமெரிக்காவின் கிழக்குக் கரையும் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையும் கிழித்த தாளின் இரண்டு துண்டுகள்போல் பொருந்துவதைச் சுட்டிக்காட்டினார். குளோசோப்டெரிஸ் என்ற, நாக்கு வடிவ இலைகொண்ட பழைய தாவரத்தின் புதைபடிவம் இந்தியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்டிகா என எல்லா இடத்திலும் கிடைத்தது. இந்த நிலங்கள் எல்லாம் ஒன்றாக இருந்த காலத்துப் பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்று பெயர். கோண்டு மக்கள் வாழும் மத்திய இந்தியப் பகுதியின் பெயர் அது. அங்குள்ள பாறைகளின் பெயரே பெருநிலத்துக்கும் ஆனது. ஆனால், இவ்வளவு பெரிய கண்டங்களை எது நகர்த்தியது என்ற கேள்விக்கு வேகனரிடம் சரியான பதில் இல்லை. பெரும்பாலானோர் ஏற்கவில்லை. 1930இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோதும் நிலைமை மாறவில்லை.

மாற்றியது கடலின் அடித்தரை. அதுவும் எந்தக் கடல் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம். இந்தியாவுக்கும் செஷல்ஸுக்கும் நடுவில், கடலுக்கடியில் கார்ல்ஸ்பெர்க் முகடு என்ற நீண்ட மலைத்தொடர் ஓடுகிறது. 1962இல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் அங்கே அடித்தரைப் பாறையின் காந்தத்தை அளந்தது. அந்த அளவீடுகளை வைத்து ஃபிரெட் வைன், டிரம்மண்ட் மேத்யூஸ் என்ற இருவர் 1963இல் ஒரு விளக்கத்தை வெளியிட்டார்கள்.

பூமியின் உள்ளிருந்து எரிமலைக்குழம்பு இந்த முகட்டின் நடுவிரிசல் வழியாக மேலே வருகிறது. ஆறி இறுகும்போது, அதிலுள்ள இரும்புக் கனிமங்கள் குட்டிக் காந்த ஊசிகள்போல் அன்றைய வடக்கு நோக்கித் திரும்பி அப்படியே உறைந்துவிடுகின்றன. பூமியின் காந்த வடக்கோ நிலையானது அல்ல. ஒழுங்கான இடைவெளி இல்லாமல், வடக்கும் தெற்கும் பலமுறை இடம் மாறியிருக்கின்றன. ஆகவே முகட்டின் இரண்டு பக்கமும் பாறை பட்டை பட்டையாக இருக்கிறது: ஒரு பட்டை இன்றைய வடக்கைக் காட்டும், அடுத்தது எதிர்ப்பக்கம், அதற்கடுத்தது மறுபடி வடக்கு. நடுவிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் நெய்துகொண்டே போகிற கோடுபோட்ட சேலையைக் கற்பனை செய்துபாருங்கள். இடப்பக்கம் அகலமான கோடு விழுந்தால் வலப்பக்கமும் அகலமான கோடு. கடல் தரை நடுவில் பிறந்து இரண்டு பக்கமும் விலகுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எழுத்து வேண்டியதில்லை. நம் தவளையை அதன் சொந்தத்திடமிருந்து பிரித்த அதே கடலின் அடியிலேயே, அது எப்படிப் பிரிந்தது என்பதற்கான சாட்சியும் எழுதப்பட்டிருந்தது.

தவளை கடல் தாண்டவில்லை. அதன் காலுக்குக் கீழே இருந்த நிலம் பிளந்து, இடையில் கடல் பிறந்தது.

பிளவு ஒரே நாளில் நடந்தது அல்ல. கோண்டுவானா சிதறத் தொடங்கியபோது இந்தியா, மடகாஸ்கர், செஷல்ஸ் மூன்றும் ஒரு துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் கழன்றது. அதன்பின் 6.6 கோடி ஆண்டுகளை ஒட்டி இந்தியாவின் மேற்குப் பகுதியில் நிலம் வெடித்து, எரிமலைக்குழம்பு திரும்பத் திரும்பப் பரவி உறைந்தது. அதுதான் தக்காணப் பாறை அடுக்கு. அரித்த பிறகும் இன்றைக்கு ஏறக்குறைய 5 லட்சம் சதுர கிலோமீட்டர் மிச்சம் இருக்கிறது, சில இடங்களில் 2 கிலோமீட்டர் தடிமன். எல்லோரா கைலாசநாதர் கோயிலைக் குடைந்தெடுத்த கரும்பாறை இதுதான். அந்தக் கொந்தளிப்பு நடந்த காலத்தை ஒட்டித்தான் செஷல்ஸும் இந்தியாவிலிருந்து பிரிந்தது. செஷல்ஸின் முக்கியத் தீவுகள் பவளத்தீவுகள் அல்ல, பழங்கால கிரானைட் பாறைகள். நடுக்கடலில் அவ்வளவு பழைய கண்டப் பாறை கிடப்பதே, அது ஒரு கண்டத்திலிருந்து உடைந்த துண்டு என்பதற்கு அடையாளம்.

அதன்பிறகு இந்தியா தனியாக வடக்கு நோக்கிப் பாய்ந்தது. அதன் உச்ச வேகம் ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல். கேட்பதற்குச் சிரிப்பு வரலாம், ஆனால் கண்டங்களின் கணக்கில் அது ஓட்டம். இப்போதும் ஆண்டுக்கு 5 சென்டிமீட்டர் அளவில் நகர்ந்துகொண்டிருக்கிறோம். பத்து லட்சம் ஆண்டுகளுக்கு 50 கிலோமீட்டர். ஏறக்குறைய 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதி, மடிந்து எழுந்ததுதான் இமயம்.

இந்தியா என்ற இந்தத் தெப்பத்தில் ஊதாத் தவளையின் முன்னோர்கள் மட்டும் வரவில்லை. கேரளத்துச் சாப்பாட்டுத் தட்டில் பொரித்து வைக்கும் கரிமீனின் நெருங்கிய உறவுகள் மடகாஸ்கரின் ஆறுகளில் இருக்கின்றன. மண்புழு மாதிரித் தெரியும், கால் இல்லாத நீர்நில வாழ்வியான சிசிலியன்கள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு, செஷல்ஸிலும் உண்டு. மோதலுக்குப் பிறகு கதவு வடக்குப் பக்கம் திறந்தது. புலியும் மானும் அவ்வழி வந்தவை. நம் மாநில விலங்கான வரையாட்டின் மரபும் வடக்குத் தொடர்புடையதுதான். ஆக, ஆனைமலையில் ஒரு புல்மேட்டில் நின்று பார்த்தால், கோண்டுவானாக் குடிகளும் ஆசியக் குடிகளும் ஒரே ஓடையில் தண்ணீர் குடிப்பதைப் பார்க்கிறோம்.

சரி, நிலம் பிரிந்தது. பிரிந்த உயிர்கள் ஏன் வேறாகின்றன? ஒரே தவளையாகவே இரண்டு கரையிலும் இருந்திருக்கக் கூடாதா?

இதற்கு நம்மிடம் ஒரு நல்ல உவமை இருக்கிறது: ஓலைச்சுவடி. ஓலை செல்லரிக்கும். ஆகவே நூறு, இருநூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை யாராவது படி எடுக்க வேண்டும். எவ்வளவு கவனமாக எழுதினாலும் ஓர் எழுத்து மாறும், ஒரு சொல் விடுபடும். அடுத்துப் படி எடுப்பவர் அந்தப் பிழையையும் சேர்த்தே எழுதுவார், தன் பங்குக்கு ஒன்றிரண்டைப் புதிதாகச் சேர்ப்பார். உ.வே.சா. ஊர் ஊராகப் போய்ச் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டபோது பார்த்த பாடபேதங்கள் இப்படி வந்தவை. ஒரே இடத்தில் ஒரே பிழை உள்ள இரண்டு சுவடிகள் ஒரு தாய்ச்சுவடியிலிருந்து வந்தவை என்று ஊகிக்கலாம். வேறுபாடு எவ்வளவு அதிகமோ, பிரிந்து அவ்வளவு காலமாயிற்று.

டிஎன்ஏ-வும் தலைமுறைக்குத் தலைமுறை படியெடுக்கப்படும் சுவடி. படியெடுக்கும்போது சிறு மாற்றங்கள் தானாக நேர்கின்றன. ஒரு கூட்டம் ஒரே இடத்தில் கலந்து வாழும்வரை, மாற்றங்கள் எல்லாருக்குள்ளும் கலந்து பரவும். நடுவில் கடலோ மலையோ வந்து கூட்டத்தை இரண்டாக்கினால், இந்தப் பக்கத்து மாற்றம் அந்தப் பக்கம் போகாது. தஞ்சாவூர்ச் சுவடியும் யாழ்ப்பாணச் சுவடியும் ஒன்றையொன்று பார்க்காமலே நூற்றாண்டுகள் படியெடுக்கப்பட்டதுபோல. ஊதாத் தவளைக்கும் செஷல்ஸ் தவளைக்கும் இடையே எழுத்து வேறுபாடுகளை எண்ணி, வயது தெரிந்த புதைபடிவங்களோடு ஒப்பிட்டு, பிரிந்த காலத்தைக் கணக்கிடுகிறார்கள். முதல் ஆய்வு ஏறக்குறைய 13 கோடி ஆண்டு என்றது, பின்னால் வந்த கணக்குகள் முன்னப்பின்ன இருக்கின்றன. நிலம் பிளந்த தேதியைவிட உறவு பிரிந்த தேதி மூத்ததாக இருப்பதில் முரண் இல்லை. ஒரே நிலத்தின் இரண்டு மூலைகளில் ஏற்கெனவே பிரிந்து வாழ்ந்தவற்றுக்கு நடுவேகூடப் பிளவு வரலாம்.

சுவடி உவமை ஓரிடத்தில் நின்றுவிடும். சுவடியில் பிழை பிழைதான். உயிரில், ஒரு மாற்றம் நல்லதா கெட்டதா என்பதை அது வாழும் இடம் தீர்மானிக்கிறது. ஊதாத் தவளையின் தலைப்பிரட்டையைப் பாருங்கள். மழைக்காலத்தில் மலையோடை எப்படிப் பாயும் என்று தெரியும், கால் வைத்தால் ஆளையே இழுத்துவிடும். அந்தப் பாய்ச்சலில், வழுக்குப் பாறையின் மேல், வாயைப் பதித்து ஒட்டிக்கொண்டிருக்கும் அது. வாய் அட்டையின் உறிஞ்சி மாதிரி அகன்றது. ஒட்டியபடியே பாசியைச் சுரண்டித் தின்று, மூன்று மாதத்துக்கு மேல் அந்த வெள்ளத்தில் வளர்கிறது. இப்படி ஒரு வாய் வேண்டும் என்று எந்தத் தலைப்பிரட்டையும் ஆசைப்படவில்லை. பல்லாயிரம் முட்டைகளில், கொஞ்சம் கூடுதலாகப் பிடிக்கும் வாயோடு தற்செயலாகப் பிறந்தவை வெள்ளத்தில் நின்றன, மற்றவை அடித்துச் செல்லப்பட்டன. நின்றவை வளர்ந்து முட்டையிட்டன. தலைமுறை தலைமுறையாக ஓடையே சலித்துச் சலித்து அந்த வாயைச் செய்திருக்கிறது. இயற்கைத் தேர்வு என்பது இவ்வளவுதான். (இந்தத் தலைப்பிரட்டையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விலங்கியலாளர்களான அன்னண்டேலும் சி.ஆர். நாராயண ராவும் விவரித்திருந்தார்கள். பெரிய தவளை மண்ணுக்குள் இருந்ததால், பிள்ளையைத் தெரிந்தும் தாயைத் தெரியாமல் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது.)

பத்திரிகைகளில் ஊதாத் தவளையை ‘வாழும் புதைபடிவம்’ என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் எனக்கு உடன்பாடில்லை. மரபு பழையது, அவ்வளவுதான். அந்த மரபு கோடிக்கணக்கான ஆண்டுகளும் மாறிக்கொண்டேதான் வந்திருக்கிறது. டைனோசர்களின் முடிவையும் தக்காணத்து எரிமலைகளையும் அது கடந்து வந்திருக்கிறது.

கோடி ஆண்டுக் கணக்கு மனதில் பதியவில்லை என்றால், கோயம்புத்தூருக்கு மேற்கே வாருங்கள். வாளையாறு தாண்டி மலைத்தொடர் திடீரென்று அறுந்து, 30-40 கிலோமீட்டர் அகலத்துக்கு வாசல் திறந்து கிடக்கிறது. பாலக்காட்டுக் கணவாய். ஆனி, ஆடியில் பொள்ளாச்சிப் பக்கம் ஆளைத் தள்ளும் காற்று இந்த வாசல் வழியாகத்தான் வருகிறது. காற்றுக்கு வாசலாக இருப்பது, மலையுச்சியின் குளிர்ந்த சோலைக்காட்டை விட்டு இறங்காத பறவைக்குச் சுவராகிவிடுகிறது. கணவாயின் தரை தாழ்ந்தது, வெக்கையானது. அதைத் தாண்டிப் பறக்க இறக்கை இருக்கிறது, ஆனால் நடுவில் தங்கிப் பிழைக்க அதன் காடு இல்லை. ஆகவே கணவாய்க்கு வடக்கே உதகைப் பக்கம் இருப்பது நீலகிரிச் சிரிப்பான், வயிறு முழுக்கச் செம்மை. தெற்கே கொடைக்கானல் பக்கம் இருப்பது பழனிச் சிரிப்பான், மார்பில் சாம்பல் பூசியது. இன்னும் தெற்கே, அச்சன்கோவில் இடைவெளியைத் தாண்டினால் அகத்தியமலைப் பக்கம் வேறொன்று. ஒரே முன்னோரின் பிள்ளைகள், மலையின் இடைவெளிகள் வகுத்த பாகப்பிரிவினை. கொடைக்கானலுக்கும் உதகைக்கும் போகிறவர்கள் இரண்டு இடத்திலும் இந்தப் பறவையை ஒருமுறை நின்று பார்த்தால், எந்தப் பாடநூலும் சொல்லாத அளவுக்குப் பரிணாமம் விளங்கும்.

இன்னொரு நுட்பமான சுவரும் உண்டு. மழை என்ற சுவர்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவுக்கு மழை ஆனி, ஆடியில். கிழக்குச் சரிவு அப்போது மழைமறைவில் காய்ந்து கிடக்கும். குற்றாலம் மட்டும் செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழையும் சாரலால் நனையும். கொஞ்சம் வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவில் ஓடை நிறைய வேண்டுமென்றால் ஐப்பசி, கார்த்திகை வர வேண்டும். அந்தச் சரிவில், சாம்பல் நிற அணில் சரணாலயத்தில் கிடைத்த ஊதாத் தவளைகளை ஆராய்ந்தபோது, இடுக்கித் தவளையிலிருந்து மரபணுவிலும் குரலிலும் வேறுபட்டிருந்தன. 2017இல் அதைத் தனி இனமாக அறிவித்து, கோவையில் பணியாற்றி மறைந்த ஊர்வன ஆய்வாளர் எஸ். பூபதியின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். மேற்கே உள்ளது தென்மேற்குப் பருவமழைக்கு எழுகிறது. கிழக்கே உள்ளது வடகிழக்குப் பருவமழையின் சரிவில் வாழ்கிறது. ஒன்று மேலே வந்து துணை தேடும் காலத்தில் மற்றதன் ஓடை வறண்டு கிடக்கும். நடுவில் மலைமுகடும் இருக்கிறது. முகட்டோடு சேர்ந்து நாட்காட்டியும் அவற்றைப் பிரித்துவைக்கிறது.

இந்த நாட்காட்டியை எழுதியதும் நிலம்தான். பருவமழை இன்றைய வலிமையோடு பெய்வதில் இமயத்துக்கும் திபெத் மேட்டுநிலத்துக்கும் பெரிய பங்கு உண்டு. அவை எழுந்தது இந்தியா வடக்கே போய் மோதியதால். வந்த மழையை மேற்கும் கிழக்குமாக வகுப்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மலைவிளிம்பு உருவானதில் மடகாஸ்கரும் செஷல்ஸும் கழன்றுபோன அந்தப் பிளவுகளுக்குப் பங்கு உண்டு. தவளையைச் செஷல்ஸ் உறவிடமிருந்து பிரித்த அதே நகர்வு, கோடி ஆண்டுகள் கழித்து மழையாக இறங்கி, மிச்சம் இருந்ததையும் இரண்டாக்கியிருக்கிறது.

ஓடையின் குறுக்கே ஒரு தடுப்பணை வந்தால் பாய்ச்சல் நின்றுவிடும், பாறை நீருக்குள் மூழ்கிவிடும், தலைப்பிரட்டையின் அந்த வாய்க்கு அங்கே பிடிக்க ஒன்றும் இருக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரிவில் ஓர் அடைமழை முடிந்தால் அடுத்ததற்குப் பல மாதங்கள் இருக்கின்றன. அதுவரை, சருகுக்கும் வேருக்கும் கீழே, ஈரம் மிச்சமிருக்கும் மண்ணில் அங்குள்ள ஊதாத் தவளை கறையான் தேடிக்கொண்டிருக்கும்.